கதவு மாமா போட்ட மாலை

உலகம்மாள் மகள் கல்யாணத்துக்குப் பெண்வீட்டார் படத்திலிருந்து இறங்கி வந்தார்கள் என்பதில் ஆத்தியடிப்பட்டியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது; அவர்கள் உட்கார்ந்த பந்தியில் பாயசம் இரண்டாம் தடவை வந்ததா இல்லையா என்பதில்தான் இன்றுவரை வழக்கு. வந்தது என்று சமையல்காரர் சத்தியம் செய்கிறார், வரவே இல்லை என்று மாப்பிள்ளையின் அத்தை பிச்சம்மாள் சொல்கிறாள், பிச்சம்மாள் சொல்லுக்கு அந்தத் தெருவில் மறுசொல் கிடையாது.

முதலில் படத்தைச் சொல்ல வேண்டும். ஆத்தியடிப்பட்டி பஜாரில், உரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், முன்னால் கடையும் பின்னால் வீடுமாக இருக்கிறது உலகம்மாளின் படக்கடை. சாமி படம், செத்தவர் படம், கல்யாண ஜோடி படம், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை படம் என்று எதைக் கொண்டுபோனாலும் கண்ணாடி வெட்டி, சட்டம் அடித்து, மாட்டுவதற்குக் கொக்கியும் வைத்துத் தருவார்கள். கடையை ஆரம்பித்தவர் அவள் புருஷன் ஞானதுரை. அவர்கள் மகள் இளவேனில் நடை பழகிக்கொண்டிருந்த காலத்தில் தாடி வைத்த வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு காகிதச் சுருளைக் கொண்டுவந்து, செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறலில் மையை நிரப்பி, காகிதத்தை அழுத்தி எடுத்த படம் இது, பத்திரம், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லவில்லை.

அந்தப் படத்தில் கறுப்பையும் வெள்ளையையும் தவிர வேறு நிறமில்லை, ஆனால் ஆட்களுக்குக் குறைவில்லை. மீன் தலையோடு குடை பிடித்து நிற்கும் ஒருவர், தலையிலிருந்து மாடிப்படி முளைத்த ஒரு பெண், அந்தப் படியில் ஏறிக்கொண்டே இருக்கும் பெருவிரல் உயர மனிதர்கள், கோட்டுப் போட்ட குதிரை, ஆந்தை முகத்தோடு அரிக்கேன் விளக்கு பிடித்த ஒருத்தி, ஓட்டுக்கூரை மேல் நிற்கும் படகு, படகு கொள்ளாமல் ஜனம், ஒரே தாடியை மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிகள், இடது மூலையில் ஒரு முழுக் கதவை நிலையோடு பெயர்த்து முதுகில் சுமந்து நிற்கும் ஒரு மனிதர். இத்தனை பேரும் ஒரே காகிதத்தில் இடித்துக்கொண்டு நின்றாலும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு திக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடையில் வைத்தால் தூசி படியும் என்று ஞானதுரை அதை வீட்டுக்குள் மாட்டி வைத்தார்.

உலகம்மாள் வேதக்காரப் பையனை, அதாவது கிறிஸ்தவரான ஞானதுரையை, கட்டிக்கொண்டு வீட்டை விட்டு வந்தவள். அவள் வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள், அவர் வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள், சாத்துவதில் மட்டும் இரண்டு மதமும் ஒற்றுமையாக இருந்தது. ஊரில் இருக்கிற அத்தனை பேருடைய சொந்தபந்தத்துக்கும் சட்டம் அடித்துக் கொடுத்த அந்த வீட்டில் மாட்டுவதற்குச் சொந்தக்காரர் படம் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் இளவேனிலிடம் டீச்சர் சித்தப்பா என்றால் யார், அத்தை என்றால் யார் என்று கேட்டுவரச் சொன்னபோது, குழம்பு கொதித்துக்கொண்டிருந்த அவசரத்தில் உலகம்மாள் கரண்டியாலேயே படத்தைக் காட்டி, மீன்தலைக்காரர் சித்தப்பா, மாடிப்படி பெரியம்மை, ஆந்தை முகம் அத்தை, குதிரை தாத்தா என்று முறை சொல்லிக்கொடுத்தாள்.

"மாமா எது?" என்று பிள்ளை கேட்டது.

உலகம்மாளின் கரண்டி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது, ஏனென்றால் அவளுக்கு உயிரோடு ஓர் அண்ணன் இருந்தான். பிறகு இடது மூலைக்குப் போனது.

"அந்தா, கதவு தூக்கிட்டு நிக்கார்லா, அவருதான் மாமா."

"எதுக்குக் கதவைத் தூக்கிட்டு நிக்கார்?"

"நம்ம எப்பப் போனாலும் தட்டுததுக்கு ஒரு கதவு வேணும்லா மக்கா, அதுக்குத்தான்."

அன்றிலிருந்து அதுதான் முறை. பரீட்சையில் மார்க் குறைந்தால் இளவேனில் கதவு மாமாவிடம்தான் முதலில் சொல்வாள், தீபாவளிக்குப் புதுத்துணி போட்டதும் மாடிப்படிப் பெரியம்மையின் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள். அடுத்தவன் பொருள், ரொம்ப ஒட்டிக்கிடாதீங்க என்று ஞானதுரை சொல்லிக்கொண்டே இருந்தார், சொல்லிக்கொண்டே இருந்து ஒருநாள் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். பிறகு அந்தப் படத்துக்குப் பக்கத்தில் அவர் படமும் மாலையோடு ஏறியது, கடையை உலகம்மாள் எடுத்து நடத்தினாள். பஜாரில் தாடி வைத்த யாராவது கடைப்பக்கம் திரும்பினால் மட்டும் அவள் எழுந்து போய் உள்கதவைச் சாத்திவிட்டு வருவாள்.

மாப்பிள்ளை சங்கரபாண்டி எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், நல்ல பையன், வாய் குறைவு. தன் கடைக்கு லட்சுமி படம் ஒன்று சட்டம் போட வந்தவன், கல்லாவில் இருந்த இளவேனிலைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் முருகன் படத்தோடு வந்தான், அதற்கடுத்து தாத்தா, பாட்டி, பள்ளிக்கூட குரூப் போட்டோ என்று வந்துகொண்டே இருந்தான். கடைசியில் அவன் ரேஷன் கார்டுக்குச் சட்டம் போட வந்து நின்றபோதுதான் உலகம்மாளுக்கு விஷயம் விளங்கிச் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை, மதத்தையும்கூடக் கேட்டும் கேட்காததுபோல் விட்டுவிட்டார்கள். ஆனால் நிச்சயத்துக்கு வந்த பிச்சம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பொண்ணு வீட்டு ஆளுகன்னு நாலு பேரு முன்ன நிக்கணும்லா. அதுகூட வேண்டாம், தாய்மாமன் ஒருத்தர் மாலையைப் போட்டுக் கையைப் புடிச்சு மேடைக்குக் கூட்டியாரணும். மாமன் மாலை விழாத கழுத்துல எங்க வீட்டுல தாலி ஏறினதில்ல. இருக்காவளா?"

இருக்காவ என்று உலகம்மாள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு உள்ளே போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்குத் தன் கழுத்தில் மாமன் மாலை விழாததில் வருத்தம் இல்லை, கல்யாணமே பதிவாளர் ஆபீஸ் பெஞ்சில் நடந்தது. ஆனால் பெற்ற பிள்ளை ஒரு மண்டபம் நிறைந்த மாப்பிள்ளை வீட்டாரின் முன்னால் அநாதை மாதிரி ஒற்றையாக நடந்து மேடை ஏறுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆகவே பத்திரிகை வந்ததும், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து, முதல் பத்திரிகை மாமனுக்கு என்ற வழக்கப்படி அண்ணன் வெயிலுமுத்து ஊருக்கே பஸ் ஏறினாள். அந்தப் பக்கத்து வழக்கம் எப்படியென்றால், தட்டோடு வைத்துக் கொடுத்த பத்திரிகையைக் கையில் வாங்கிவிட்டால் வந்தே தீர வேண்டும், வராவிட்டால் தலைமுறைப் பகை. அதனால் வரப் பிடிக்காதவர்கள் வாங்குவதே இல்லை. வெயிலுமுத்துவின் மனைவி வாசலுக்கு வந்து, அவர் காட்டுக்குப் போயிருக்கார், எப்ப வருவாரோ தெரியாது என்று நாத்தனாரின் முகத்தைப் பாராமல் சொன்னாள். வாசல்படியில் அவனுடைய செருப்பு கிடந்தது, கட்டைவிரல் பக்கம் தேய்ந்திருந்தது, சின்ன வயதிலிருந்தே அவன் நடை அப்படி. பத்திரிகையை மட்டும் ஜன்னலில் வைத்துவிட்டு, தாம்பாளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு உலகம்மாள் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் கால் ஓய்ந்துபோய், தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் படத்துக்குக் கீழே இருந்த பெட்டி மேல் வைத்தாள். வைத்தவள் சும்மா இருந்திருக்கலாம். கோபமா, அசதியா, பழக்கதோஷமா, என்ன இருந்தாலும் முறையென்று ஒன்று இருக்கிறதே என்றா, தட்டில் ஒரு பத்திரிகையையும் வைத்து, கையைக் கூப்பி, கதவு மாமாவைப் பார்த்து அண்ணாச்சி என்று கூப்பிட்டு, உங்க மருமகளுக்குக் கல்யாணம், சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து நடத்திக் குடுக்கணும் என்று பத்திரிகையில் அச்சடித்திருந்தபடியே சொன்னாள். சுற்றமும் நட்பும் சூழ என்று ஊரில் எல்லாரும்தான் அச்சடிக்கிறார்கள், அப்படியே சூழ்ந்துகொண்டு வந்துவிட்டால் சோறு போடுவது யார் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் எல்லாரும் அளவாகத்தான் போவார்கள். படத்தில் இருந்தவர்களுக்கு அந்த நெளிவுசுளிவு தெரியாது.

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமலும் மண்டபத்துக்குக் கிளம்பும்போது, ஞானதுரை படத்தைக் கும்பிடத் திரும்பிய உலகம்மாள் பக்கத்துச் சட்டத்தைப் பார்த்தாள். கண்ணாடி அப்படியே இருந்தது, கொக்கி அப்படியே இருந்தது, உள்ளே வெறும் வெள்ளைக் காகிதம். ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. கீழே தாம்பாளத்தில் பத்திரிகையும் பழமும் காணோம், வெற்றிலையும் பாக்கும் தீர்ந்துபோய் ஒரு காம்பும் கொஞ்சம் சுண்ணாம்பும் கிடந்தன. இவர்களும் நம்மைக் கைவிட்டுப் போய்விட்டார்களே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மகளிடம் சொல்லாமல் கதவைப் பூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

மண்டபத்துக்குப் போனால், மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கி வலது பக்கத்து நாற்காலிகளை நிறைத்திருந்தார்கள். இடது பக்கம், பெண்வீட்டாருக்கென்று போட்டு, காலியாகக் கிடக்கப் போகிறதே என்று அவள் ராத்திரியெல்லாம் பயந்துகொண்டிருந்த அந்த இடது பக்கம், ஒரு நாற்காலி பாக்கியில்லாமல் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் மீன்தலைச் சித்தப்பா குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆந்தை முகத்து அத்தை அரிக்கேனைத் திரி இறக்கி நாற்காலிக்கடியில் வைத்திருந்தாள், மாடிப்படிப் பெரியம்மை மின்விசிறி இடிக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், குதிரைத் தாத்தா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கௌரவமாக நின்றார், படகு மட்டும் வெளியே பஸ்களுக்குப் பக்கத்தில் நின்றது. எல்லாரும் கறுப்பும் வெள்ளையுமாக, மேலெல்லாம் மெல்லிய கோடு கோடாக இருந்தார்கள். உலகம்மாள் நழுவிய முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல், எல்லா வீட்டுக் கல்யாணத்திலும் எல்லாப் பெண்களும் செய்வதையே செய்தாள், கையைக் கூப்பிக்கொண்டு வரிசை வரிசையாகப் போய் வாங்க, வாங்க, காப்பி குடிச்சேளா என்று கேட்டாள். ஒவ்வொருவரும் தலையை ஆட்டினார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள். பார்க்காமல் இருப்பார்களா? ஆனால் பெண்வீட்டு ஆட்களைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்பது அழகில்லை, அதுவும் தாலி கட்டுவதற்கு முன்னால். ஆகவே அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து வெயிலுக்கு ஆட்கள் அப்படித்தான் கறுப்பார்கள் என்றார் ஒருவர். அப்படியானால் வெள்ளை எப்படி வந்தது என்றார் இன்னொருவர். வாயே திறக்கமாட்டேங்குறாவ, பெரிய இடம்போல இருக்கு என்று பெண்கள் முடிவு கட்டினார்கள். வைகாசி வெக்கையில் மண்டபம் கொதித்துக்கொண்டிருந்தது, ஆனால் அந்த ஆட்களின் மேலிருந்த கோடுகள் எங்கெங்கே நெருக்கமாக இருந்தனவோ அங்கெல்லாம் வேப்பமரத்தடி மாதிரி நிழல் விழுந்து குளுகுளுவென்று இருந்தது. முதலில் பிள்ளைகள்தான் கண்டுபிடித்துக் குதிரைத் தாத்தாவின் கோட்டுக்கடியில் போய் உட்கார்ந்தன. பிறகு கிழவர்கள் துண்டை உதறிக்கொண்டு இடது பக்கம் நகர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் பெண்வீட்டாரோடு தோளுரசிக்கொண்டு இருந்தார்கள். இரண்டு பெரியவர்கள் இந்த வருஷம் குளம் பெருகுமா பெருகாதா என்று மீன்தலைச் சித்தப்பாவை நடுவில் வைத்து வாதாடினார்கள், இரண்டு பேர் சொல்வதையும் அவர் கண் இமைக்காமல் கேட்டார், இவ்வளவு விவரமான மனுஷனைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று இருவரும் பிற்பாடு சொன்னார்கள்.

சமையல்காரர் கூடத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார், படியில் ஏறிக்கொண்டிருந்த பெருவிரல் மனிதர்களை இலைக்கு ஒருவராகக் கணக்கு வைப்பதா, ஓர் இலைக்கு எல்லாருமா என்று மட்டும் உலகம்மாளிடம் கேட்டுக்கொண்டு போய் இன்னும் ஓர் அண்டா உலை வைத்தார். போட்டோக்காரர்தான் பாவம், காமிராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பாதிப் படம் கலராகவும் பாதிப் படம் கறுப்பு வெள்ளையாகவும் விழுந்தது, தொழிலில் கெட்ட பெயர் வந்துவிடுமே என்று ஒவ்வொருவரிடமும் மிஷின் கோளாறு இல்லை, ஆளுகளே அப்படி என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

பிச்சம்மாள் மட்டும் இடுப்பில் கையை ஊன்றி எல்லாரையும் ஒருமுறை சுற்றி வந்தாள். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள், அவளுக்குக் குற்றம் பாராவிட்டால் கல்யாணமே இல்லை. மூன்று அண்ணன் தம்பிக்கு ஒரு தாடியா, ஆளுக்கொன்று வைத்தால் என்ன குறைந்தா போய்விடும் என்றாள். குதிரையை முன்வரிசையில் நிறுத்தியது சரியில்லை என்றாள். கடைசியில் உலகம்மாளிடம் வந்து, ஆளெல்லாம் சரி, மாமன் எங்கே என்று கேட்டாள்.

உலகம்மாள் அப்போதுதான் தேடினாள். கூட்டத்தில் கதவு மாமாவைக் காணவில்லை. மற்ற எல்லாரும் வந்து அவர் ஒருவர் வராமல் போனால் என்ன செய்வது என்று பெண் அலங்காரம் நடந்த அறைக்கு ஓடினாள். அறை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். முதுகில் கதவு, கையில் ஒரு மாலை, அதுவும் கோட்டாலேயே கட்டிய மாலை, இதழ் இதழாகக் கீறிய கறுப்பு வெள்ளைப் பூக்கள், ஆனால் மல்லிகை வாசம் கமகமவென்று வந்தது. உள்ளேயிருந்து பட்டுச்சேலையில் வெளியே வந்த இளவேனில் அவரைப் பார்த்துத் திடுக்கிடவெல்லாம் இல்லை. வந்துட்டியளா மாமா என்றாள், நடை பழகின நாளிலிருந்து தெரிந்தவரிடம் வேறெப்படிக் கேட்பது?

இது இப்படி இருக்க, மண்டபத்திலிருந்து யாரோ ஒருவர் வெயிலுமுத்துவின் ஊரில் இருந்த தன் சகலைக்கு போன் போட்டு, உலகம்மாள் வீட்டு ஆட்கள் மண்டபம் கொள்ளாமல் வந்திருப்பதையும், தாய்மாமன் என்று ஒருவர் மாலையோடு நிற்பதையும் சொல்லிவிட்டார். அந்தச் சேதி டீக்கடைக்கு வந்து, டீக்கடையில் உட்கார்ந்திருந்த வெயிலுமுத்துவின் காதில் விழுந்தது. தங்கை இல்லாமல் இத்தனை வருஷம் இருந்துவிட்டான், அவள் தாலியறுத்த சேதி வந்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டான், ஆனால் தன் இடத்தில் இன்னொருவன் நிற்கிறான் என்பதை அவனால் தாங்க முடியவில்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும், அதோடு கொஞ்சம் ரோஷமும் சேர்ந்துவிட்டால் கேட்கவா வேண்டும்? டீயைப் பாதியில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான், வழியில் பூக்கடையில் இருப்பதிலேயே பெரிய ரோஜா மாலையாக வாங்கி, வாழை இலையில் சுற்றிப் பெட்ரோல் டாங்கி மேல் வைத்துக்கொண்டு முறுக்கினான்.

வந்தவன் மண்டபத்துக்குள் நுழைய முடியாமல் நின்றான். வாசல் நிறையக் கூட்டம்; கூட்டம் வழிவிட்டாலும் அவன் கால் வழிவிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போவது? உள்ளே மேளம் வேகம் பிடித்துவிட்டது. அந்த நேரத்தில் கதவு மாமா கூட்டத்தின் ஊடாக வெளியே வந்தார். வெயிலுமுத்துவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முதுகிலிருந்த கதவை இறக்கி, அவனுக்கு முன்னால் தரையில் நேராக நிறுத்தி, தாழ்ப்பாளை நீக்கித் திறந்து, கையைக் காட்டினார்.

வெயிலுமுத்து குனிந்து நுழைந்தான். அந்தப் பக்கம் கால் வைத்த இடம் மேடைக்கு முன்னால் விரித்திருந்த ஜமுக்காளம். எதிரே உலகம்மாள் நின்றாள், அவள் பக்கத்தில் மணக்கோலத்தில், அவன் இதுவரை பார்த்தேயிராத, ஆனால் அவன் அம்மாவின் மூக்கும் நெற்றியுமாக ஒரு பெண். அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தி முதுகில் ஏற்றிக்கொண்டு கதவு மாமாவும் வந்து நின்றார். மேளக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பை நிறுத்தினார்கள்.

வெயிலுமுத்துவுக்கு வாயில் முதலில் வந்தது இதுதான், "இவன் யாரு, எந்த ஊர்க்காரன்? மாமன்னு நான் ஒருத்தன் இருக்கும்போது?"

உலகம்மாளுக்கு இத்தனை வருஷத்துக் கோபமும் ஒரே நேரத்தில் வந்தது, அதே நேரத்தில் அவன் கட்டைவிரல் தேய்ந்த செருப்போடு ஜமுக்காளத்தில் நிற்பதைப் பார்த்து அடக்க மாட்டாத சந்தோஷமும் வந்தது, இரண்டும் சேர்ந்து கண்ணில் வழிந்தது.

"நீ இருந்த, அண்ணே. உன் செருப்பை வாசல்ல பாத்துட்டுத்தான் திரும்பினேன். தட்டு வச்சுக் கூப்பிட்டேன், நீ வாங்கல, இவுக வாங்கினாவ. எம் புள்ள பள்ளிக்கூடம் போன நாள்ல இருந்து இவுகளைத்தான் மாமான்னு கூப்பிடுதா. இப்ப விலகி நில்லுங்கன்னு நான் எப்படிச் சொல்லட்டும்?"

வெயிலுமுத்து தலையைக் குனிந்தான். அவன் கையிலிருந்த வாழை இலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாலையை மேடையின் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான்போல இருந்தது. இளவேனில் அவன் போகிற வழியில் வந்து நின்றாள்.

"ரெண்டு மாமா இருந்தா ஆகாதா?"

ஆகுமா ஆகாதா என்று மண்டபமே பிச்சம்மாளைப் பார்த்தது. இப்படி ஒரு வழக்கு அவள் காலத்தில் வந்ததில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். மாமன் மாலை இல்லாமல் இருந்தால்தான் குற்றம், கூடுதலாக இருந்தால் குற்றமென்று யாரும் சொன்னதில்லை என்று முதலில் தீர்ப்புச் சொன்னாள். பிறகு வெயிலுமுத்துவைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"ஆனா ஒண்ணு. தட்டு வாங்கினவுக முதல்ல போடட்டும். கூடப் பொறந்தவுக ரெண்டாவது."

அப்படியே நடந்தது. கதவு மாமா முதலில் போட்டார், வெயிலுமுத்து இரண்டாவதாகப் போட்டான். கறுப்பு வெள்ளை மாலையும் சிவப்பு ரோஜா மாலையுமாக, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்ள, ஒற்றையாக நடக்க வேண்டுமே என்று பெற்றவள் பயந்த அந்தப் பெண் இரண்டு மாமன்களுக்கு நடுவில் நடந்து மேடை ஏறினாள். சங்கரபாண்டி தாலி கட்டினான். இடது பக்கத்திலிருந்து அட்சதை விழுந்தபோது அது வெள்ளையும் கறுப்புமாக விழுந்தது, மஞ்சள் அரிசியோடு அதுவும் கலந்து கிடந்ததைச் சிலர் பூஜை அறையில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

பந்தியில் வெயிலுமுத்துவும் கதவு மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முதலில் வெயிலுமுத்து அவர் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டு வைக்க வந்தவன் கதவு மாமாவின் இலையைத் தாண்டிப் போனதும், ஏய், இங்க வைக்கல பாரு என்று அவனாகவே அதட்டினான். சாப்பிட்டு எழுந்தபோது அவனுடைய வெள்ளைச் சட்டையின் தோளில், அவர் தோள் பட்ட இடத்தில், மையால் கோடு கோடாக ஒரு கறை இருந்தது. எத்தனை தடவை துவைத்தும் அது போகவில்லை, அவனும் அந்தச் சட்டையை விடவில்லை.

மண்டபத்து வாசலில் எல்லாருக்கும் தேங்காயும் வெற்றிலையும் போட்ட மஞ்சள் பை கொடுத்தார்கள். பெண்வீட்டார் ஒருவர் விடாமல் வாங்கிக்கொண்டார்கள், பெருவிரல் மனிதர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டார்கள். படகில் ஏறினார்கள், கையை அசைத்தார்கள், பஜார் பக்கம் போனார்கள். மறுவீடு முடிந்து உலகம்மாள் கதவைத் திறந்து பார்த்தபோது எல்லாரும் சட்டத்துக்குள் இருந்தார்கள். ஆனால் போகும்போது இருந்த மாதிரி இல்லை. ஆளுக்கொரு திக்கில் பார்க்காமல் ஒருவருக்கொருவர் திரும்பி, நெருக்கியடித்து உட்கார்ந்து, எல்லாருக்கும் பேச்சு சுவாரஸ்யம், எல்லார் கையிலும் ஒரு தாம்பூலப் பை. பையில் மணமக்கள் பெயர்கூடப் பொடி எழுத்தில் இருந்தது. உலகம்மாள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள், வயிறு நிறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அதன்பிறகு வெயிலுமுத்து மாதாமாதம் வந்தான். நிலக்கடலையோ உளுந்தோ ஒரு பையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கடை ஸ்டூலில் உட்கார்ந்து கடலை உடைப்பான், பழசைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. போகும்போது உள்ளே எட்டிப் படத்தின் இடது மூலையைப் பார்த்து, வரட்டா என்பான்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, தாடி முழுக்க நரைத்த ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு கடை ஏறினார். உலகம்மாளுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள். ஒரு படம் கொடுத்திருந்தேன், ரொம்ப நாளாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அடுத்தவன் பொருள் என்று புருஷன் சொன்னது அவள் காதில் கேட்டது. எழுந்து உள்ளே போய், படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள், வைத்த கையை எடுக்க மட்டும் அவளால் முடியவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என் கோடுதான். ஆனா நான் கீறினவங்க யாரும் யாரையும் பார்க்கலையே. இப்படிக் கூடி உட்காரலை. இந்தப் பையெல்லாம் நான் போடவே இல்லை." அவர் நிமிர்ந்தார். "இவங்கல்லாம் யாரு?"

அன்று வந்து ஸ்டூலில் கடலை உடைத்துக்கொண்டிருந்த வெயிலுமுத்து கடலைத் தோலைத் தோளிலிருந்த கறை மேல் படாமல் ஊதிவிட்டான்.

"எங்க ஆளுக," என்றான். "எந்தங்கச்சி வகையில சொந்தம். அந்தா கதவு வச்சிருக்கார்லா, அவரும் நானும் ஒரே முறை, அவரு எனக்கு மூத்தவரு." பிறகு வந்தவரை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க எந்த வகையில?"

தாடிக்காரர் அதற்குப் பதில் யோசித்தார். படத்தைப் பார்த்தார், உலகம்மாளின் கையைப் பார்த்தார், தெருவில் திரும்பவும் தூற ஆரம்பித்த மழையைப் பார்த்தார். கடைசியில் படத்தை மெதுவாக அவள் பக்கம் நகர்த்திவிட்டு, மூலையில் கிடந்த இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெயிலுமுத்து கடலைப் பையை நடுவில் வைத்தான். உலகம்மாள் சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டு, விருந்தாளி வந்திருக்காவ, மூணு டீ சொல்லுங்க என்றாள்.